கம்பி தொடாமல் செய்தி கடத்தும் ஆப்டோகப்ளர்

டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் தானியங்கி கேட் மோட்டாரையோ இன்வெர்ட்டரையோ சிறு மைக்ரோகண்ட்ரோலர் (நிரல்படி இயங்கும் குட்டிக் கணினிச் சில்லு) பலகையோடு இணைத்துப் பார்க்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டையும் நேரடியாகக் கம்பியால் இணைத்தால், 230 வோல்ட் பக்கம் நேரும் பழுதோ, கோடை இடிமின்னலின் தாக்கமோ பலகையைக் கருக்குவதோடு, அதைத் தொடும் கைக்கும் ஆபத்தாகிவிடும். இடையில் பிசி817 போன்ற ஆப்டோகப்ளர் சில்லை வைத்தால், உள்ளிருக்கும் அகச்சிவப்பு எல்.இ.டி.யின் ஒளி எதிரிலுள்ள ஒளி டிரான்சிஸ்டரை இயக்கும். செய்தி கடக்கும், மின்சாரம் கடக்காது.

இந்த எல்.இ.டி.யில் ஏறத்தாழ 1.2 வோல்ட் விழுவதால், பலகையின் 3.3 வோல்ட் வெளியீட்டு முனையுடன் 220 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்தால் சுமார் 9.5 மில்லிஆம்பியர் பாயும். நாளடைவில் எல்.இ.டி.யின் ஒளி மங்கும் என்பதால், டிரான்சிஸ்டரின் வெளியீட்டை மறுபக்கத்து 5 வோல்ட்டோடு இணைக்கும் புல்-அப் ரெசிஸ்டராக 10 கிலோ ஓம் போடுங்கள். டிரான்சிஸ்டர் அரை மில்லிஆம்பியர் கடத்தினாலே போதும் என்பதால், ஒளி மங்கினாலும் நீண்ட காலம் உழைக்கும்.

பலர் இரு பக்கத்துக் கிரவுண்டையும் (சுற்றின் பொது எதிர்முனை) ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஆப்டோகப்ளர் இருந்தும் பயனில்லை. கடையில் கிடைக்கும் ரிலே (மின்காந்த சுவிட்ச்) பலகைகளில், ரிலேவுக்கு மின்சாரம் தரும் ஜேடி-விசிசி முனையையும் உள்ளீட்டுப் பக்கத்து விசிசி முனையையும் இணைக்கும் ஜம்பர் என்ற சிறு இணைப்பியைக் கழற்றி, ரிலேவுக்குத் தனி மின்வழங்கி கொடுத்தால்தான் பிரிப்பு முழுமையாகும். ஆப்டோகப்ளர் சில்லுக்கு அடியில் செம்புத் தடமும் ஓடக் கூடாது. 230 வோல்ட் இணைப்பைப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். வேகமான சீரியல் (பிட் பிட்டாக வரும்) தரவுக்கு பிசி817 ஈடுகொடுக்காது. அதற்கு 6என்137 என்ற வேகமான ஆப்டோகப்ளரை வாங்குங்கள்.