மின்னோட்டப் பகிர்வு விதி: எந்தத் தடை மேலே, எந்தத் தடை கீழே?

ஒரு சந்திக்கு வந்து சேரும் மொத்த மின்னோட்டம் நமக்குத் தெரியும். அங்கிருந்து பக்க இணைப்பில் பிரியும் கிளைகள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்னோட்டம் செல்கிறது என்பது தெரியாது. இந்த நிலையில் பயன்படுவதே மின்னோட்டப் பகிர்வு விதி. மின்கலம் நேரடியாகக் கிளைகளின் இரு முனைகளிலும் இணைக்கப்பட்டிருந்தால் இவ்விதி தேவையில்லை. மின்னழுத்தத்தை அந்தந்தத் தடையால் வகுத்தாலே போதும்.

விதியை மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை வருவித்துப் பார்ப்பது நல்லது. பக்க இணைப்பில் உள்ள இரு மின்தடையாக்கிகளை த1, த2 என்றும், மொத்த மின்னோட்டத்தை மி என்றும் கொள்வோம். இரண்டின் முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் ஒன்றே. அதன் மதிப்பு, மொத்த மின்னோட்டத்தைத் தொகுபயன் தடையால் (எல்லாக் கிளைகளுக்கும் ஈடான ஒற்றைத் தடையால்) பெருக்கக் கிடைப்பது. அதாவது மி × (த1 × த2) ÷ (த1 + த2). ஓம் விதிப்படி இதை த1 ஆல் வகுத்தால் முதல் கிளையின் மின்னோட்டம் கிடைக்கும்:

மி1 = மி × த2 ÷ (த1 + த2)

மேலே, அதாவது பின்னத்தின் தொகுதியில், நிற்பது த2 என்பதைக் கவனியுங்கள். தொடரிணைப்புக்கான மின்னழுத்தப் பகிர்வு விதியில், எந்தத் தடையின் மின்னழுத்தம் வேண்டுமோ அந்தத் தடையே மேலே வரும். இங்கோ எதிர்க் கிளையின் தடை வருகிறது. தொடக்கநிலையில் பெரும்பாலான பிழைகள் இந்த இடத்தில்தான் நிகழ்கின்றன. தடை குறைந்த கிளையில் மின்னோட்டம் மிகுதி என்பதை நினைவில் வைத்து, கிடைத்த விடை அதற்கு ஒத்து வருகிறதா என்று பார்த்தால் பிழை உடனே வெளிப்பட்டுவிடும்.

இப்போது ஒரு சுற்றைப் படிப்படியாகத் தீர்ப்போம். 9 வோல்ட் மின்கலத்துடன் 100 ஓம் தடை தொடரிணைப்பில் உள்ளது. அதையடுத்து 300 ஓம், 600 ஓம் தடைகள் பக்க இணைப்பில் உள்ளன.

முதல் படியாக, பக்க இணைப்பின் தொகுபயன் தடையைக் கணக்கிடுங்கள்: 300 × 600 ÷ 900 = 200 ஓம்.

இரண்டாம் படியாக, தொடரில் உள்ள 100 ஓமைக் கூட்டினால் மொத்தத் தடை 300 ஓம். எனவே மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் 9 ÷ 300 = 0.03 ஆம்பியர், அதாவது 30 மில்லி ஆம்பியர்.

மூன்றாம் படியில்தான் விதி வருகிறது. 300 ஓம் கிளையில் 30 × 600 ÷ 900 = 20 மில்லி ஆம்பியர்; 600 ஓம் கிளையில் 30 × 300 ÷ 900 = 10 மில்லி ஆம்பியர்.

இறுதியாகச் சரிபாருங்கள். சந்திக்கு வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்னும் கிர்க்காஃபின் மின்னோட்ட விதிப்படி 20, 10 இரண்டும் சேர்ந்து 30 ஆகின்றன. 300 ஓமில் 6 வோல்ட், 600 ஓமிலும் 6 வோல்ட், 100 ஓமில் 3 வோல்ட். பக்க இணைப்புக்குப் பொதுவான 6 வோல்ட்டையும் 100 ஓமின் 3 வோல்ட்டையும் கூட்டினால் மின்கலத்தின் 9 வோல்ட். இந்த இரண்டு சரிபார்ப்புகளையும் ஒருபோதும் தவிர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மூன்று கிளைகள் வந்தால் என்ன செய்வது? இரண்டு கிளைக்கான வாய்பாட்டை நீட்டி, "மற்ற இரு தடைகளின் கூடுதலை மேலே போடலாம்" என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அது தவறு. 2, 3, 6 கிலோ ஓம் கிளைகளுக்கு 12 மில்லி ஆம்பியர் வருவதாகக் கொள்வோம். நீட்டிய வாய்பாட்டின்படி மூன்று கிளைகளின் மின்னோட்டங்களைக் கண்டு கூட்டினால் 24 மில்லி ஆம்பியர் வரும். வந்ததைப்போல் இருமடங்கு வெளியேற முடியாது. சரியான வழி, தொகுபயன் தடையை அந்தக் கிளையின் தடையால் வகுத்து, மொத்த மின்னோட்டத்தால் பெருக்குவது. இங்கே தொகுபயன் தடை 1 கிலோ ஓம். ஆகவே கிளைகளில் முறையே 12 × 1 ÷ 2 = 6, 12 × 1 ÷ 3 = 4, 12 × 1 ÷ 6 = 2 மில்லி ஆம்பியர். இந்த வடிவம் எத்தனை கிளைகளுக்கும் பொருந்துவதால், ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதானால் இதையே கொள்ளுங்கள்.

மின்னோட்டம் தடை குறைந்த வழியில் மட்டுமே செல்லும் என்ற பரவலான கூற்றையும் இக்கணக்கு திருத்துகிறது: 6 கிலோ ஓம் கிளையிலும் மின்னோட்டம் சென்றுகொண்டுதான் இருக்கிறது. ஒரு கிளையின் தடை சுழி ஆகும்போது, அதாவது குறுக்குச்சுற்று நேரும்போது மட்டுமே, மொத்த மின்னோட்டமும் அதன் வழியே போய்விடும்.

முதல் சுற்றை நீங்களே அமைத்துப் பார்க்க விரும்பினால், 600 ஓமுக்குப் பதிலாக இரண்டு 300 ஓம் தடைகளைத் தொடரில் இணைத்துக்கொள்ளலாம். எந்தத் தடையிலும் வெளிப்படும் திறன் 0.12 வாட்டைத் தாண்டாததால் கால் வாட் வகை போதும். மல்டிமீட்டரை அம்மீட்டராக வைத்து அளக்கும்போது கிளையைத் துண்டித்து அதனுடன் தொடரில் மட்டுமே இணைக்க வேண்டும். மின்கலத்தின் முனைகளுக்குக் குறுக்கே வைத்தால் உள்ளிருக்கும் ஃபியூஸ் எரிந்துபோகலாம். இதைவிடப் பாதுகாப்பான வழி, தடையின் குறுக்கே மின்னழுத்தத்தை அளந்து தடையின் மதிப்பால் வகுப்பது. 5 சதவீதப் பிழை எல்லை கொண்ட 300 ஓம் தடை உண்மையில் 285 முதல் 315 ஓம் வரை இருக்கலாம். ஆகவே 20 மில்லி ஆம்பியருக்குப் பதில் 19.6 என்று வந்தால் கணக்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.