முன்னாள் துணை இன்னொருவருடன் வாழத் தொடங்கினால், வீட்டில் உங்கள் பங்கு என்னாகும்?

(இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும். ஸ்காட்லாந்துச் சட்டம் வேறு.)

விவாகரத்து முடிந்தால் வீட்டுக் கணக்கும் முடிந்துவிட்டது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் தனித்தனி மனுக்கள். பண விஷயத்தில் கோர்ட் உத்தரவு வாங்காமல் விட்டால், பல வருடம் கழித்தும் முன்னாள் துணை பங்கு கேட்டு வரலாம். இருவரும் பேசி ஒத்துக்கொண்டிருந்தாலும், அதைக் கோர்ட்டில் சம்மத உத்தரவாக்கிக்கொள்ளுங்கள். வீடு மற்றவர் பெயரில் இருந்தால், மனுப் போடுவதற்கு முன் மறுமணம் செய்யாதீர்கள். பங்கு கேட்கும் உரிமையே போய்விடும். சேர்ந்து வாழ்வதால் மட்டும் அது போகாது.

அதேபோல, முன்னாள் துணை வேறொருவருடன் இருக்கிறார் என்பதற்காக அவர் பங்கு தானாகக் குறையாது. 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட் முதலில் பிள்ளைகளின் நலனையும், பிறகு இருவரின் தேவைகளையும் பார்க்கும். புதிய துணையின் பணம் பங்குக்கு வராது. ஆனால் அவருக்குச் சொந்த வீடோ நல்ல சம்பளமோ இருந்தால், உங்கள் முன்னாள் துணைக்கு வீட்டுத் தேவை குறைவு என்று வாதிடலாம். இதனால்தான் சொத்து, வருமான விவரங்களைக் கோர்ட்டுக்குத் தரும் படிவம் ஈ-யில் (Form E) மறுமணம், சேர்ந்து வாழ்தல் பற்றிய கேள்விகள் உண்டு. மறைத்தால் உத்தரவே கவிழலாம்: நிச்சயமான திருமணத்தைச் சொல்லாமல் வீட்டை வாங்கிக்கொண்ட மனைவியின் சம்மத உத்தரவை 1985இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை ரத்து செய்தது. யாழ்ப்பாணத்துக் காணியையும் சென்னை ஃபிளாட்டையும் அதே படிவத்தில் காட்ட வேண்டும்.

பிள்ளைகள் சிறியவர்களானால் ‘மெஷர் ஆர்டர்’ வரலாம். ஒருவர் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பார், விற்பனை தள்ளிப்போகும். கடைசிப் பிள்ளைக்கு 18 வயதாவது, மறுமணம், மரணம், குறிப்பிட்ட காலம் இன்னொருவருடன் சேர்ந்து வாழ்வது, இவற்றில் எது முதலில் நடக்கிறதோ அப்போது விற்க வேண்டும். சண்டையெல்லாம் இந்தக் கடைசி விதியில்தான். ‘சேர்ந்து வாழ்ந்தால்’ என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். ‘தொடர்ந்து ஆறு மாதம்’ என்றோ ‘பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் ஆறு மாதம்’ என்றோ காலத்தைச் சொலிசிட்டர் தெளிவாக எழுத வேண்டும். ‘தொடர்ந்து’ என்று மட்டும் இருந்தால், ஐந்தாம் மாதம் இரண்டு வாரம் வெளியே போய் வந்து கணக்கைப் புதிதாகத் தொடங்குவார்கள்.

பங்கைச் சதவீதமாகக் கேளுங்கள். வீடு 4,50,000 பவுண்டுக்கு விற்று, மோர்கேஜ் 2,10,000, விற்பனைச் செலவு 10,000 போனால் கையில் நிற்பது 2,30,000. அதில் 40 சதவீதம் 92,000. இதையே இன்று நிலையான தொகையாக எழுதிவிட்டால், பத்து வருட விலையேற்றத்தில் உங்களுக்கு ஒன்றும் வராது. இடையில் மோர்கேஜ் யார் கட்டுவது, கூரை ஒழுகினால் யார் செலவு என்பதும் உத்தரவில் இருக்கட்டும். உங்கள் பங்கை லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிந்துவையுங்கள்.

விதி மீறப்பட்டால் வீடு தானாக விற்பனைக்கு வராது. நீங்கள்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும், சான்றோடு. வார இறுதியில் வந்து போகும் காரின் படம் போதாது. ஒரே வீட்டுச் செலவு, ஒரே முகவரிக்கு வரும் கடிதங்கள், வாக்காளர் பட்டியல், தனியாள் என்று பெற்ற 25 சதவீதக் கவுன்சில் டாக்ஸ் தள்ளுபடி நின்றுபோனது போன்றவை எடுபடும்.

இங்கே கோயிலில் தாலி கட்டிச் சட்டப்படி பதியாமல் விட்டவர்களுக்குப் பொதுவாக மேலே சொன்ன வழி கிடையாது. வீட்டுக்குப் பணம் போட்டதற்கான வங்கிக் கணக்கு விவரங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதலில் சொலிசிட்டரைப் பாருங்கள்.