மரம் நட்டால் குற்றம் குறையுமா? டெல்டா நகரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூரோ கும்பகோணமோ, பூங்கா ஓரம் ஒரு செயின் பறிப்பு நடந்துவிட்டால் உடனே எழும் குரல், "மரத்தையெல்லாம் வெட்டுங்க" என்பதுதான். முதல் தவறு இதுவே. ஆள் ஒளிந்து நிற்க இடம் தருவது பெரும்பாலும் புதர்தான், மரமல்ல. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர வீடுகளை வைத்து 2012இல் வெளிவந்த ஆய்வு இதைப் பிரித்தே காட்டியது: உயர்ந்த மரங்கள் உள்ள வீடுகளில் குற்றம் குறைவு, பார்வையை மறைக்கும் குட்டை மரங்கள் உள்ள வீடுகளில் அதிகம்.

பசுமை என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பது அடுத்த தவறு. சிகாகோவில் 98 குடியிருப்புக் கட்டடங்களை ஒப்பிட்ட 2001ஆம் ஆண்டு ஆய்வில், பசுமை மிகுந்த கட்டடங்களில் பதிவான குற்றங்கள் 52 சதவீதம் குறைவு. ஆனால் அங்கே பசுமை என்பது புல்தரையும் உயர்ந்த மரமும். சீமைக்கருவேலம் மண்டிய வாய்க்கால் கரைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அளவு எளிது: செடி 2 அடிக்கு மேல் வளரக் கூடாது, மரக்கிளை 7 அடிக்குக் கீழே தொங்கக் கூடாது. நடுவில் உள்ள 5 அடியில்தான் எதிரே வரும் ஆளின் முகமும் கையும் தெரியும். அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை மூன்றும் பார்க்க அழகு. ஆனால் விட்டால் ஆள் உயரம் தாண்டிவிடும். நடைபாதை ஓரத்தில் அவை வேண்டாம், குட்டை ரக இட்லிப்பூ போதும்.

அதற்காகக் கன்று நட்ட முதல் வருஷமே பக்கக் கிளைகளை அரிந்துவிடாதீர்கள். அடிமரம் பருக்காமல் உயரம் மட்டும் போய், ஐப்பசிக் காற்றில் முறியும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களை டெல்டா மறந்திருக்காது. வளர்ந்த மரத்தில் கவாத்தைப் புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும். ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் தழை கழிக்கக் கூடாது.

விளக்கில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரிவதில்லை. இரவு 7 மணிக்குப் புங்க மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். உயரக் கம்பத்து விளக்கு மரத்தின் தலையில் பளிச்சென்று விழும், இலையெல்லாம் மின்னும், பெஞ்சில் இருப்பவர் முகம் மட்டும் இருட்டில் இருக்கும். விளக்கு கிளைக்குக் கீழே, 10 முதல் 12 அடியில் இருக்க வேண்டும். இன்னும் பெரிய ஹைமாஸ்ட் வைத்தால் நிழல்தான் கூடும்.

புது நகர்களில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனைகள் குப்பைமேடாகி, இரவில் குடிக்கும் இடமாகிக் கிடக்கின்றன. இதற்கு ஆறடிக் காம்பவுண்டு சுவர் எழுப்புவது பெருந்தவறு. உள்ளே நடப்பது தெருவுக்கே தெரியாமல் போகும். பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை வைத்துச் செய்த சோதனையில் சில மனைகளில் குப்பை அள்ளி, தரை சமன் செய்து, புல்லும் சில மரங்களும் வைத்து, தாழ்வான மரவேலி போட்டு, தொடர்ந்து பராமரித்தார்கள். 2018இல் வந்த முடிவு: ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. இங்கே 3 அடிக் கல்லுக்கால் வரிசை போதும். கட்டட இடிபாடு கொட்ட வரும் டிராக்டர் நுழையாது, மனிதர் நுழையலாம்.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிட்டுப் போனால் கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு பெயர்க்க வேண்டும். வாய்க்கால் கரையென்றால் குழியில் மண் போட்டுக் கெட்டித்து, மழைக்கு முன்பே வெட்டிவேர் நட்டுவிட வேண்டும். இல்லையேல் கரை சரியும்.

கடைசியாக, பூங்கா வாசலில் இருக்கும் டீக்கடையையும் பூக்காரம்மாவையும் "அழகு கெடுகிறது" என்று அகற்றிவிடுவார்கள். சாயங்காலம் தொடங்கி இரவு வரை அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு வாசலிலேயே ஓர் ஓரமாக இடம் ஒதுக்கி, கடைக்கும் பெஞ்சுக்கும் நடுவே எந்தச் செடியும் மறைக்காதபடி பாருங்கள்.