கர்ப்பகாலப் பரிசோதனைக்கு எவ்வளவு தூரம்? செவிலியர் ஆய்வுக்கு வரைபடம் போடும் முறை

எம்.எஸ்சி நர்சிங் ஆய்வில் வயது, படிப்பு, வருமானம் எல்லாம் கேட்டு எழுதுகிறோம். எங்கே குடியிருக்கிறார் என்பது மட்டும் விலாசத்தோடு நின்றுவிடுகிறது. கொல்லிமலையில் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வராமல் போவதற்கும் தூரத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் எக்செல்லில் இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று ஆரம்ப சுகாதார நிலையங்கள், மற்றது குக்கிராமங்கள். வளப்பூர் நாடு போன்ற ஒரு நாட்டுக்குள்ளேயே (கொல்லிமலையில் ஊர்களின் தொகுதியை ‘நாடு’ என்பார்கள்) பல குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும். தனித்தனி வரிசையாக எழுதுங்கள். கூகுள் மேப்ஸில் இடத்தை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை கிடைக்கும். அப்புறம், ஊருக்கு எத்தனை கர்ப்பிணிகள், அவர்களில் கர்ப்பகாலப் பரிசோதனை நான்கையும் முடித்தவர்கள் எத்தனை பேர் என்று சேருங்கள். வீடுவாரியாகப் புள்ளி வைக்கவே வேண்டாம். சின்ன ஊரில் ஒரு புள்ளி வைத்தாலே அது யார் வீடென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். குக்கிராமத்தில் கர்ப்பிணி ஒருவரே என்றால் பக்கத்து ஊரோடு சேர்த்துக் காட்டுங்கள். நெறிமுறைக் குழுவிடமும் இதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

பட்டியல்களை சிஎஸ்வி கோப்பாக்கி (எக்செல்லிலேயே அப்படிச் சேமிக்கலாம்), வரைபடம் போடும் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் திறவுங்கள். எக்ஸ் என்றால் தீர்க்கரேகை (78-ஐ ஒட்டி வரும்), ஒய் என்றால் அட்சரேகை (11-ஐ ஒட்டி வரும்). மாற்றிப் போட்டால் கொல்லிமலை ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும்!

அடுத்து, இரண்டு லேயர்களையும் (வரைபட அடுக்குகள்) ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’ கருவி மூலம் ஈபிஎஸ்ஜி 32644-க்கு (இந்தப் பகுதியை மீட்டரில் அளக்கும் ஆயமுறையின் எண்) மாற்றுங்கள். தூரம் டிகிரியில் வராமல் மீட்டரில் வரும். கோவை, நீலகிரி ஆய்வென்றால் 32643. பிறகு ‘டிஸ்டன்ஸ் டு நியரஸ்ட் ஹப்’ கருவி ஒவ்வொரு ஊருக்கும் அருகிலுள்ள நிலையத்தையும் தூரத்தையும் கொடுத்துவிடும்.

சரி, இங்கேதான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். அது பறவை போகும் தூரம். அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அரசு அளவுகோலும் தலையைத்தான் எண்ணுகிறது, பாதையை அல்ல. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து சாலைகளை இறக்கி, ‘ஷார்ட்டெஸ்ட் பாத்’ கருவியால் சாலைத் தூரத்தையும் கணக்கிடுங்கள். மூன்றாவதாகப் பயண நேரத்துக்கு ஒரு பத்தி வையுங்கள்: நடை, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, எல்லாம் சேர்த்து. இந்த மூன்றில் எது வருகைக் குறைவோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

நேரத்தை மென்பொருள் சொல்லாது. வரைபடத்தை அச்செடுத்து, அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பென்சிலோடு கொடுங்கள். மழைக்காலத்தில் எந்த ஓடை எந்தப் பாதையை மறிக்கும் என்று அவர் கோடு போட்டுக் காட்டுவார். அந்தக் கோடுகளையும் ஒரு லேயராக ஏற்றுங்கள்.