பிள்ளை பெத்தவங்கள பாக்கப் போறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

காங்கயம், தாராபுரம் பக்கம் புதுசா நர்சு வேலைக்கு சேந்த பிள்ளைங்களோட வீடு வீடா போயிட்டிருக்கேன், நாங்கெல்லாம் ஆரம்பத்துல பண்ணுன தப்பையே அப்படியே பண்றாங்க. தாய் சேய் கார்டு மறந்துட்டு போறது, கை கழுவாம குழந்தைய தூக்கறதெல்லாம் நாளாக நாளாக தானா சரியாயிரும், அத விடுங்க.

பெரியவங்கள பக்கத்துல வெச்சுட்டு மனசப் பத்தி கேக்கறது

இதப் பாத்தா இன்னிக்கும் எனக்கு கோவம் வருது. பிள்ளை பெத்தவங்களுக்கு மனச்சோர்வு இருக்கான்னு பாக்க எடின்பரோ ஸ்கேல்னு 1987ல வந்தது ஒண்ணு இருக்கு, 10 கேள்வி, போன 7 நாளா மனசு எப்படி இருந்துச்சுன்னு கேக்கும், மொத்தம் 30 மார்க். 10வது கேள்வி, தன்னையே ஏதாச்சும் பண்ணிக்கலாம்னு தோணுச்சாங்கறது. இதப் போய் திண்ணைல அத்தன பேரு முன்னாடி சத்தமா படிச்சா எந்தப் பொண்ணு வாயத் தொறப்பா?

போன மாசம் ஒரு தோட்டத்து சாளைல கூட வந்த பிள்ளை படிக்குது, அந்தப் பொண்ணு தொட்டில் சேலைல பிரிஞ்ச நூல உருவிட்டே உக்காந்திருக்கறா, பதில் பூரா மாமியார் சொல்றாங்க, "அவளுக்கென்னங் கொறை, ராசாத்தியாட்ட வெச்சிருக்கறமுங்க". பத்துக்கும் பூஜ்யம் போட்டாச்சு. நான் "ஏனுங்கம்மா, கொஞ்சம் மோர் கெடைக்குங்களா"ன்னு அவங்கள உள்ள அனுப்பிட்டு, "குழந்தை தூங்கறப்பவாச்சும் உனக்கு தூக்கம் வருதா அம்மிணி"ன்னுதான் கேட்டேன், பொலபொலன்னு அழுதுட்டா. தனியா வெச்சு மறுபடி கேட்டா மார்க் 13ஐ தாண்டுது. அவ்ளோ வந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயே ஆகணும். 10வதுக்கு பூஜ்யம் தவிர எது வந்தாலும் மொத்த மார்க்கயே பாக்காதீங்க, அன்னிக்கே போகணும்.

மாமியார் நல்லவங்கதான், பாசமாத்தான் பாத்துக்கறாங்க, அதனாலயேதான் அவளால சொல்ல முடியல. எடை போடணும், பால் குடிக்கறத பாக்கணும்னு ஏதாச்சும் சொல்லி ரூமுக்குள்ள கூட்டிட்டு போங்க, இல்லீன்னா புதன்கிழமை தடுப்பூசிக்கு வர்றப்ப தனியா புடிங்க.

"பத்து நாள் அழுவா, சரியாயிரும்"

2, 3ம் நாள்ல வர்ற அழுகை 2 வாரத்துல போயிரும். அதுக்கு மேலயும் நின்னா அது மனச்சோர்வா இருக்கலாம். தூக்கமே இல்லாம, இல்லாத குரல் கேக்குதுன்னு சொன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி, மந்திரிக்க கூட்டிட்டு போய் நாள கடத்த விடாதீங்க.

அழுகாத குழந்தைய சமத்துன்னு சொல்றது

எட்வர்ட் ட்ரானிக்னு ஒருத்தர் 1970கள்ல பண்ணுன சோதனை இருக்கு. அம்மா கொஞ்ச நேரம் முகத்த அசைக்காம உக்காந்தா, குழந்தை சிரிச்சுப் பாக்கும், கை நீட்டும், கடைசில மூஞ்சிய திருப்பிக்கும். மனசு ஒடைஞ்ச அம்மாகிட்ட நாள் பூரா அதே நடந்தா குழந்தை கூப்பிடறதயே கொறைச்சுக்கும், பின்னாடி பேச்சு, பழகறதெல்லாம் தள்ளிப் போகலாம். 2 மாசத்துல முகம் பாத்து சிரிக்குதான்னு பாருங்க. அம்மாவ குத்தம் சொல்லாதீங்க, அவ தேறி வர்ற வரைக்கும் அப்பனும் அப்பத்தாளும் குழந்தை மொகத்தப் பாத்துப் பேசட்டும்.

புகுந்த வீட்டுக்குப் போனதும் லிஸ்ட்ல அடிச்சர்றது

3ம் மாசமோ 5ம் மாசமோ போயிருவா, ஆனா இந்த மனச்சோர்வு பிள்ளை பெத்து 1 வருசம் வரைக்கும் எப்ப வேணா வரலாம். அந்த ஊரு நர்சம்மாவுக்கு ஒரு போன் போடுங்க.

"அடுத்தது பையனா பொறக்கும்"

வாயிலயே எடுக்காதீங்க.

நம்பர தாய் சேய் கார்டுல எழுதிக் குடுக்கறது

மனசு சரியில்லாதவங்க பேசறதுக்கு அரசாங்கம் வெச்ச போன் நம்பர் டெலிமானஸ் 14416, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ஆனா கார்ட வீட்ல எல்லாரும் பொரட்டிப் பாப்பாங்க. அவ போன்ல சேவ் பண்ணி விடுங்க, பேரு நர்சம்மான்னு போட்டா போதும்.