பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 அப்டேட் ஏறாமல் திரும்பி வருகிறதா?

"அன்டூயிங் சேஞ்சஸ்" என்று திரையில் வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் இது முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். டிஸ்க் லைட் மினுக்கிக்கொண்டிருக்கிற வரை உள்ளே வேலை நடக்கிறது என்றுதான் அர்த்தம், பாதியில் அணைத்தால் விண்டோஸே திறக்காமல் போகலாம். டெஸ்க்டாப் வந்த பிறகு செட்டிங்ஸில் அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்து, ஏறாமல் போன அப்டேட்டின் பெயரையும் பக்கத்தில் இருக்கும் எர்ரர் எண்ணையும் ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் ரீட்ரையை அமுக்கிக்கொண்டே இருந்தால் நெட் டேட்டாதான் காலியாகும்.

அப்டேட்டே வருவதில்லை என்றால் அது வேறு கதை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு செக்யூரிட்டி அப்டேட் வேண்டுமென்றால் இஎஸ்யு (எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்ஸ்) என்ற நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும், அதற்கு மெஷினில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும்.

சரி, எண்ணுக்கு வருவோம். 80070070 என்று முடிந்தால் இடம் போதவில்லை. பழைய மெஷின்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்: டி டிரைவ் காலியாகக் கிடக்கும், சி டிரைவ் மட்டும் சிவப்பில் நிற்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய், வேண்டாததை டிக் செய்து அழியுங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்றும் ஒரு வரி இருக்கும், அதில் டிக் விழுந்திருந்தால் நீங்கள் இறக்கி வைத்த மார்க்‌ஷீட், பில் எல்லாமே சேர்ந்து போய்விடும், அதனால் ரிமூவ் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை முழுப் பட்டியலையும் பாருங்கள். பெரிய அப்டேட் என்றால் 20 ஜிபியாவது காலியாக இருப்பது நல்லது.

80070643 வந்து, கூடவே அப்டேட்டின் பெயர் கேபி5034441 என்றும் இருந்தால் தப்பு உங்களுடையது இல்லை. 2024 ஜனவரியில் வந்த அந்த அப்டேட்டுக்கு ரெக்கவரி பார்ட்டிஷனில் (விண்டோஸைப் பழுதுபார்க்க டிஸ்க்கில் தனியாக ஒதுக்கிய பகுதி) 250 எம்பி காலி இடம் வேண்டும், பழைய மெஷின் பலவற்றில் அந்தப் பார்ட்டிஷனே சின்னது. அதைக் கையால் பெரிதாக்கலாம், ஆனால் பார்ட்டிஷனில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே மேல். அந்த அப்டேட் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டை, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி சம்பந்தப்பட்டது, நீங்கள் பிட்லாக்கர் போடவில்லை என்றால் அது ஏறாததால் பெரிய நஷ்டமில்லை.

எர்ரர் எதுவானாலும் கடிகாரத்தை ஒரு பார்வை பாருங்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிட்டால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது. தேதி தப்பாக இருந்தால் அப்டேட் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லையா, இறங்கிய ஃபைலே கெட்டிருக்கலாம். ஸ்டார்ட்டில் "சர்வீசஸ்" என்று தேடித் திறந்து, "விண்டோஸ் அப்டேட்", "பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர்" இரண்டையும் ஸ்டாப் செய்யுங்கள். அப்புறம் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன், அதற்குள் டவுன்லோட். அந்த ஃபோல்டரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் அழித்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். இந்த முறை பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள்.

அதுக்கும் மசியவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 10-ஐ ஏற்றுங்கள். அதிலிருந்து பூட் செய்யாமல், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருக்கும் செட்டப்பைத் தட்டி, ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்ற தேர்வோடு ஓடவிட்டால் சிஸ்டம் ஃபைல்கள் மட்டும் புதிதாகிவிடும். ஆனால் இதற்கு முன் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைப் போட்டு நிலையைப் பாருங்கள். மஞ்சளில் "காஷன்" என்று காட்டினால் அப்டேட்டை அப்படியே விட்டுவிட்டு, முதலில் போட்டோக்களையும் டாக்குமென்ட்டுகளையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.