டிஸ்ப்ளேயில் ஷேடு: யாருக்குக் கவலை, யாருக்கு வேண்டாம்

"அக்கா, மேப்பை மூடிட்டேன். ஆனா மேப் போக மாட்டேங்குது."

போன வெயில் காலத்தில் ஒரு மதியம், சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி ஒருவர் போனை நீட்டிச் சொன்னது இது. வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப் திறந்திருந்தது. வெள்ளைத் திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு பட்டை, பட்டைக்குள் ஒரு பொத்தானின் வடிவம், நடுவில் ஓர் அம்புக்குறி. எல்லாம் வேட்டியில் விழுந்த டீக்கறை மாதிரி மங்கல் மஞ்சள். ஆப் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை ரீசெட் அடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

அந்தத் திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பினேன். என் போனில் படம் பளிச்சென்று இருந்தது. கறை இல்லை, அம்பும் இல்லை. "ஆப்ல ஒண்ணும் இல்ல தம்பி. டிஸ்ப்ளேல ஷேடு விழுந்துருச்சு" என்றேன்.

அதே வாரம் ஒரு டீச்சர் வந்தார். புதுப் போன் வாங்கி நாலு நாள்தான் ஆகிறது. ஷேடு விழும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். வால்பேப்பரைக் கறுப்பாக்கி, லாக் ஆன பிறகும் திரையில் கடிகாரம் காட்டும் ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளேயை அணைத்து, வெளிச்சத்தை இருக்கிறதிலேயே குறைவாக வைத்து, எழுத்தே தெரியாமல் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பழையபடி மாற்றிக் கொடுத்து, "நிம்மதியாப் பாருங்க டீச்சர்" என்று அனுப்பிவைத்தேன்.

ரெண்டு பேரிடமும் இருந்தது ஓஎல்இடி திரைதான், அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை. ஷேடு விழுமா என்று போன் மாடலைச் சொல்லிக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்க என்ன வேலை பாக்குறீங்க?

திருச்சியில் 11 வருடமாகப் போன் சர்வீஸ் செய்கிறேன். போர்டு வேலைக்கு வைத்திருக்கும் மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஓஎல்இடி திரையை எரியவிட்டுப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. பெரும்பாலான போன்களில் சிவப்புப் புள்ளிகளும் நீலப் புள்ளிகளும் சின்னச் சின்ன வைரம் போல இருக்கும். இடையிடையே அதைவிடச் சின்னதாகப் பச்சைப் புள்ளிகள், எண்ணிக்கையில் இரண்டு மடங்கு. இருப்பதிலேயே பெரியது நீலம். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. மூன்றில் சீக்கிரம் சோர்ந்துபோவது நீலம்தான். பரப்பைப் பெரிதாக்கினால் அதே வெளிச்சத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கொடுக்கலாம், ஆயுளும் கூடும். தம்பியின் போனில் கறை ஏன் மஞ்சளாகத் தெரிந்தது என்பதற்கும் இதுதான் காரணம். வெள்ளையிலிருந்து நீலம் குறைந்தால் மிச்சம் மஞ்சள்.

எல்சிடி திரையில் பின்னால் ஒரே விளக்கு. எல்லா இடத்துக்கும் அதே வெளிச்சம். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தனக்குத்தானே எரிகிறது, எரிந்த அளவுக்குத் தேய்கிறது. ஷேடுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் 'பர்ன்-இன்' என்ற பெயரைக் கேட்டு ஏதோ கருகிப்போய்விட்டது என்று நினைக்கிறார்கள். எதுவும் கருகவில்லை. டிசம்பர் கடைசியில் சுவரிலிருந்து தினசரிக் காலண்டரைக் கழற்றினால் பின்னால் ஒரு சதுரம் புதுப் பெயின்ட் மாதிரி இருக்குமே, அதேதான். காலண்டர் சுவரை ஒன்றும் செய்யவில்லை, சுற்றியிருந்த சுவர் மங்கிவிட்டது. போனில் உழைத்த புள்ளி மங்குகிறது, சும்மா இருந்த புள்ளி புதுசாகவே இருக்கிறது. அந்த வித்தியாசத்தைத்தான் நாம் ஷேடு என்கிறோம். திரை முழுக்க ஒரே சீராக மங்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

உங்களுக்கு வருமா

மூன்று விஷயம் ஒன்றாகச் சேர வேண்டும்: அதிக வெளிச்சம், அசையாத படம், பல மணி நேரம். ஒன்று குறைந்தாலும் ஆபத்து வெகுவாக இறங்கிவிடும். கூடவே சூடு சேர்ந்தால் வேகம் பிடிக்கும். டெலிவரி தம்பிக்கு நாலும் இருந்தது. வண்டி ஹேண்டிலில் மாட்டிய போன், உச்சி வெயில், முழு வெளிச்சம், காலையிலிருந்து இரவு வரை அதே மேப், அதே பட்டை. கால் டாக்ஸி ஓட்டுநர்கள், கடையில் க்யூஆர் பணம் வந்ததா என்று ஒரே பக்கத்தை நாள் முழுக்கத் திறந்து வைத்திருப்பவர்கள், பட்டன்கள் ஒரே இடத்தில் நிற்கும் விளையாட்டை மணிக்கணக்கில் ஆடும் பிள்ளைகள் எல்லாம் இந்த வரிசைதான்.

வெளிச்சம் இரட்டிப்பானால் தேய்மானம் இரட்டிப்போடு நிற்காது, அதைத் தாண்டிப் போகும். 2017இல் வந்த ஐபோன் எக்ஸ் 625 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தந்தது. 2022இன் ஐபோன் 14 ப்ரோ வெயிலில் 2000 நிட்ஸ் வரை போகிறது. திரைக்குள் இருக்கும் பொருட்கள் முன்பைவிடத் தேறியிருக்கின்றன என்பது உண்மை. வெயிலில் வேலை வாங்குவதும் கூடியிருக்கிறது என்பதும் உண்மை.

மற்றவர்கள், அதாவது காலையில் வாட்ஸ்அப், மதியம் யூடியூப், ராத்திரி ஒரு படம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள், போனை மாற்றும் நாள் வரை ஷேடைப் பார்க்காமலே போகலாம். என் மேசைக்கு வரும் டிஸ்ப்ளே கேஸ்களில் ஷேடை விடக் கீழே விழுந்து உடைந்ததுதான் மிக மிக அதிகம்.

பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2017இல் கூகுளின் பிக்சல் 2 எக்ஸ்எல் வந்த சில வாரங்களிலேயே கீழ்ப் பட்டன்களின் நிழல் தெரிகிறது என்று புகார் கிளம்பியது. கூகுள் வாரன்டியை 2 வருடமாக நீட்டித்தது, பட்டன்களைத் தானாக மங்கவைக்கும் அப்டேட்டும் கொடுத்தது. ஆப்பிளும் தன் ஓஎல்இடி ஐபோன்களில் நாள்பட்ட உபயோகத்தில் இப்படி லேசான மாற்றம் தெரியலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. யாரும் வராது என்று சொல்லவில்லை. எப்போது வரும் என்பதைத்தான் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

சோதித்துப் பார்ப்பது எப்படி

உங்கள் போன் ஓஎல்இடியா என்றே தெரியவில்லையா? விளக்கை அணைத்துவிட்டு முழுக்கக் கறுப்பான ஒரு படத்தைத் திறங்கள். திரை எது, இருட்டு எது என்று தெரியாவிட்டால் ஓஎல்இடி. லேசாகச் சாம்பல் வெளிச்சம் கசிந்தால் எல்சிடி. அப்படியானால் மீதியை நீங்கள் படிக்கவே வேண்டாம்.

ஓஎல்இடி என்றால் முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறந்து, நிழலான இடத்தில் நின்று பாருங்கள். வெள்ளையில் மறைந்துகொள்ளும் லேசான ஷேடும் சாம்பலில் மாட்டிக்கொள்ளும். பிறகு முழுச் சிவப்பு, பச்சை, நீலம். நீலத்தில் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். சாம்சங் என்றால் படம் தேட வேண்டாம், டயல் பேடில் *#0*# அழுத்தினால் பெரும்பாலான மாடல்களில் நிறச் சோதனைப் பக்கம் வரும். ஷியோமியில் *#*#6484#*#*. கண் போக வேண்டிய இடங்கள்: மேலே கடிகாரமும் பேட்டரிக் குறியும் இருக்கும் ஓரம், கீழே மூன்று பட்டன் இருந்த இடம், கீபோர்டு வரும் பாதி.

ஏதாவது தெரிந்தால் உடனே பதற வேண்டாம். திரையை அணைத்து ஒரு பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். மறைந்திருந்தால் அது தற்காலிக மிச்சம், தேய்மானம் இல்லை. சில நேரம் மென்பொருளே காரணமாக இருக்கும். 2023இல் ஐபோன்களில் இப்படி மிச்சப் படம் தெரிகிற ஒரு சிக்கலை ஐஓஎஸ் 17.1 அப்டேட்டே சரிசெய்தது. அதனால் அப்டேட் போட்டுப் பார்க்காமல் டிஸ்ப்ளேயை மாற்றாதீர்கள். மேலிருந்து கீழாகப் பச்சையிலோ பிங்க்கிலோ ஒரு கோடு விழுந்திருந்தால் அது வேறு வியாதி. அதையும் ஷேடு என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு

மேப்பை டார்க் மோடுக்கு மாற்றுங்கள், முதல் வேலை அதுதான். ஓஎல்இடியில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி தூங்குகிறது, தூங்குகிற புள்ளி தேயாது. நேர் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் போக வேண்டும் என்றால் திரையை அணைத்துவிடுங்கள். கூகுள் மேப்ஸ் திரை அணைந்திருந்தாலும் திருப்பம் வரும்போது குரலில் சொல்லும். ஹேண்டில் மவுன்ட்டுக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சின்ன மறைப்பு வைத்தால் திரையில் நிழல் விழும், முழு வெளிச்சம் தேவைப்படாது, போனும் அவ்வளவு கொதிக்காது. நான் அந்தத் தம்பிக்கு ஒரு பழைய போன் பெட்டியின் மூடியை வெட்டி டேப் போட்டுக் கொடுத்தேன்.

வெளிச்சத்தை ஆட்டோவில் விடுங்கள். வெயிலில் தானாக ஏறும், நிழலுக்கு வந்ததும் தானாக இறங்கும். கையால் முழுதாக ஏற்றியவர்கள் இறக்க மறந்துவிடுகிறார்கள், தப்பு அங்கேதான். திரை தானாக அணையும் நேரம் 30 நொடி போதும். கீழே நிற்கும் மூன்று பட்டனை எடுத்துவிட்டு விரலால் இழுக்கும் ஜெஸ்சர் முறைக்கு மாறுங்கள். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளேயைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அது மிகக் குறைந்த வெளிச்சத்தில் எரிகிறது, கடிகாரத்தின் இடத்தையும் அவ்வப்போது கொஞ்சம் நகர்த்துகிறது. பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் தொட்டால் மட்டும் தெரிகிற மாதிரி மாற்றிவிடலாம்.

ஷேடை நீக்குகிறோம் என்று சொல்லும் ஆப்களைப் போடாதீர்கள். ராத்திரி முழுக்க நிறங்களை மாற்றி மாற்றி எரியவிடும். தற்காலிக மிச்சம் அதனால் போகலாம், ஆனால் அது சும்மா விட்டாலே போய்விடும். தேய்ந்தது திரும்பி வராது. காலண்டர் இருந்த இடத்தையும் வெயிலில் காயவைத்து மற்ற சுவரைப் போல மங்கவைக்கும் வைத்தியம் அது.

பழைய போன் வாங்கும்போது

பழைய போன் சந்தையில் "டாட் இல்ல, லைன் இல்ல, ஷேடு இல்ல" என்று மூன்றையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். வாயால் சொல்வதை விடுங்கள். சாம்பல் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள், மேலே சொன்ன சோதனையை நின்று செய்யுங்கள். வெளிச்சத்தைக் குறைத்தே காட்டினால் நீங்களே கையில் வாங்கி ஏற்றுங்கள். ஷோரூமில் டெமோவுக்கு நின்ற போன் மலிவாக வந்தால் இன்னும் கவனம். அது கடை திறந்ததிலிருந்து மூடும் வரை முழு வெளிச்சத்தில் ஒரே விளம்பரத்தை ஓட்டிய போன். வெளியே ஒரு கீறல் இருக்காது. சாம்பல் படத்தைத் திறந்தால் விளம்பர எழுத்தையே வாசிக்கலாம்.

ஷேடு முற்றிவிட்டால் மாற்று டிஸ்ப்ளேதான் வழி, வேறு பழுதுபார்ப்பு கிடையாது. மேல் கண்ணாடியை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், தேய்ந்தது கண்ணாடி இல்லை. டிஸ்ப்ளேயிலும் கம்பெனியின் ஒரிஜினலான சர்வீஸ் பேக், காப்பி ஓஎல்இடி, இன்செல் என்று தரம் இருக்கிறது. இன்செல் உண்மையில் எல்சிடி. விலை குறைவு, இந்த ஷேடும் விழாது! ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், திரைக்குள் கைரேகை வைக்கும் போன்களில் கைரேகை வேலை செய்யாது. எதைப் போடுகிறார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

தம்பியின் போனுக்கு சர்வீஸ் பேக் விலை, அந்தப் போனை இன்று விற்றால் கிடைக்கும் பணத்தைவிட அதிகம். அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "கால் வருது, மேப் வருது. போதும்க்கா" என்று அப்படியே எடுத்துப்போனார். டார்க் மோடு வைத்துக் கொடுத்திருந்தேன். கறுப்பு மேப்பில் பழைய பட்டை கண்ணுக்குத் தெரிவதில்லையாம். வாட்ஸ்அப்பைத் திறந்தால் மட்டும் இன்னும் நிற்கிறதாம்.